சிங்கப்பூரும் துபாயும் நமக்கு ஒரே தூரம்

சில நாட்களுக்கு முன் நமது சங்கத்தின் இளைய அங்கத்தினர் ஒருவர் ஒரு கணக்கோடு நம்மைப் பார்க்க வந்தார். காய்கறி ஏற்றுமதியில் புதிதாக இறங்கியிருப்பவர். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டு விமானங்களின் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். மதுரையில் பகல் 11 மணிக்குக் கிளம்பும் விமானம் துபாயில் இறங்குவது பகல் 1.45. திருச்சியில் இரவு 11.30-க்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் இறங்குவது காலை 6.15.

"ஐயா, துபாய்க்கு இரண்டே முக்கால் மணி நேரம்தான் ஆகிறது. சிங்கப்பூருக்கு ஆறே முக்கால். பாதிக்கும் குறைவு. முருங்கைக்காயைத் துபாய்க்கே அனுப்பிவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். வாடாமல் போய்ச் சேரும்" என்றார். ஒட்டன்சத்திரத்தில் கொள்முதலுக்கு வாய்மொழியாகப் பேசியும் விட்டாராம்.

"தம்பி, இரண்டு ஊரும் ஒரே தூரம்தான். விமானம் பறக்கிற நேரமும் ஒன்றுதான்" என்று நாம் சொன்னதும் அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வயதாகிவிட்டது, உளறுகிறார் என்று நினைத்திருக்கலாம். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். அவரைப் போலவே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் அங்கத்தினர்களில் இன்னும் பலர் இருக்கக்கூடும். பூ, முருங்கை, சின்ன வெங்காயம், மலை வாழை என்று விமானத்தில் ஏறக்கூடிய சரக்கு நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறது. அதனால் அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறோம்.

தூரத்தைக் கணக்கிடுவது எப்படி

பூமியைச் சுற்றி ஒரு கயிறு கட்டினால் அதன் நீளம் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். வட்டத்துக்கு 360 பாகை. ஆக, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த இந்த ஒரு எண் போதும். விமானிகளும் கப்பல்காரர்களும் இதே பாகையை 60 கலைகளாகப் பிரித்து, ஒரு கலையை ஒரு நாட்டிகல் மைல் என்கிறார்கள். அது 1,852 மீட்டர். நம் ரோட்டு மைலை விடச் சற்றுப் பெரிது.

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு நேர் தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். மதுரையிலிருந்து துபாய்க்குச் சுமார் 2,950. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிற தூரம், அவ்வளவுதான். மூவாயிரம் கிலோமீட்டரில் அது ஒரு கணக்கே இல்லை. கிழக்கே சிங்கப்பூர், மேற்கே துபாய், நடுவில் நாம் என்று தராசு முள்ளைப் போல நம் பகுதி அமைந்திருக்கிறது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடையில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் சில ஊர்களுக்குத் தூரம் சரியாக வரும், சில ஊர்களுக்குத் தப்பாக வரும். உருண்டையை உரித்துத் தட்டையாக ஒட்டிய படம் அது. வடக்கே போகப் போக ஊர்களை இழுத்துப் பெரிதாகக் காட்டும். சரியான தூரம் தெரிய வேண்டுமானால் பிள்ளைகள் படிக்கிற பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் குறுக்கு வழி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும்போது பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே போவதால் படமும் நூலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பெங்களூரிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கு நூலைப் பிடித்துப் பாருங்கள். கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிப் போய், அந்தப் பக்கம் இறங்கும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகவே விமானத்தை ஓட்டி வந்தார்கள். தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். பேத்திக்கு இதை நூல் பிடித்துக் காட்டியபோது அவள் நம்மை விடச் சீக்கிரமாகப் புரிந்துகொண்டாள்.

சண்டை சச்சரவு வந்தால் நூல் வழியும் அடைபடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டில்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற நம் நாட்டு விமானங்கள் தெற்கே அரபிக் கடல் பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து துபாய் போகிற வழி முதலிலிருந்தே அரபிக் கடல் மேல்தான் என்பதால் அந்தச் சுற்று நமக்கு வரவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் 23-ம் தேதி கத்தார் நாடு தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடியபோது வளைகுடா போகும் விமானங்கள் பல குழம்பிப் போயின. அழுகும் சரக்கு அனுப்புகிறவர்கள் செய்தித்தாளில் விலை நிலவரப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

நேரத்துக்கு ஒரு நாட்டுக் கணக்கு

நம் ஊர்களிலிருந்து போகிற நடுத்தர ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. ஆனால் டிக்கெட்டில் போடுகிற நேரம் சக்கரம் நகர ஆரம்பித்ததிலிருந்து மறுபடி நிற்கிற வரைக்கும். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது, இறங்கிய பின் கட்டடத்துக்கு வருவது எல்லாம் அதில் சேரும். ஆகவே கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அதோடு அரை மணி சேர்த்துக்கொண்டால் போதும். மூவாயிரத்தை எண்ணூறால் வகுத்தால் மூன்றே முக்கால். அரை மணி சேர்த்தால் நாலே கால். சிங்கப்பூருக்கும் நாலே கால், துபாய்க்கும் நாலே கால். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். இதே கணக்கில் பத்தே முக்கால் மணி நேரம் வரும். பெரிய விமானங்கள் இன்னும் கொஞ்சம் வேகம் என்பதால் மிக நீண்ட பயணங்களுக்கு 850-ஆல் வகுப்பது சரியாக இருக்கும்.

கிட்டத்து ஊர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மதுரையிலிருந்து சென்னை நேர் தூரம் சுமார் 420 கிலோமீட்டர்தான். கணக்குப்படி ஒரு மணி நேரம். டிக்கெட்டில் ஒன்றே கால், சில சமயம் அதற்கும் மேலே போட்டிருப்பார்கள். ஏறி முடித்த கையோடு இறங்க ஆரம்பிக்க வேண்டிய தூரம் அது. முழு வேகத்தில் போகக் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். சென்னையில் இறங்க வரிசையில் காத்திருப்பதும் உண்டு.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் சிலர் சென்னைக்கு அவசர வேலை என்றால் மதுரை போய் விமானம் பிடிக்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 75 கிலோமீட்டர். ஊருக்குத் தெற்கே அவனியாபுரம் பக்கம் இருக்கிறது. போக ஒன்றரை மணி. ஒன்றரை மணி முன்னதாகப் போய் உட்கார வேண்டும். பறப்பது ஒன்றே கால். வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து பாரிமுனை போக ஒரு மணி. கூட்டிப் பாருங்கள், ஐந்தே முக்கால் மணி நேரம். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத் நம் திண்டுக்கல் ஜங்ஷனில் நின்று, ஐந்தரை மணி நேரத்துக்குள் எழும்பூரில் இறக்கிவிடுகிறது. எழும்பூரிலிருந்து பாரிமுனை கூப்பிடு தூரம். விமானத்தில் போனால் கௌரவம் என்று நினைக்கிறவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடிகாரம் செய்யும் மாயம்

இப்போது அந்த இளைஞரின் துண்டுச் சீட்டுக்கு வருவோம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. துபாய்க் கடிகாரம் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடுகிறது. திருச்சியில் இரவு 11.30-க்குக் கிளம்பி நாலே கால் மணி நேரம் பறந்தால் நம் நேரம் விடிகாலை 3.45. அதோடு இரண்டரை கூட்டினால் 6.15. மதுரையில் பகல் 11 மணிக்குக் கிளம்பினால் நம் நேரம் 3.15-க்குச் சேரும். அதில் ஒன்றரை கழித்தால் 1.45. ஒரே தூரம், ஒரே உழைப்பு. ஆனால் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் நான்கு மணி நேரம் வித்தியாசம் தெரிகிறது.

திரும்பி வரும்போது இது தலைகீழ். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது போலவும், துபாயிலிருந்து வருகிறவர் ஐந்தே முக்கால் மணி நேரம் கஷ்டப்பட்டது போலவும் டிக்கெட்டில் தெரியும். இரண்டு பேருக்கும் கால் மரத்துப் போனது ஒரே அளவுதான்.

பழைய வியாபாரிகளுக்கு ஒரு சந்தேகம் வரும். சிங்கப்பூருக்கு இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம் என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். நம் தகப்பனார் காலத்தில் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்கும்போது "ரெண்டு மணி கூட்டிக்கோ" என்பார். அப்போது அங்கே அப்படித்தான் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு ஒத்துப்போவதற்காகச் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்துக்கொண்டது. அதனால்தான் அங்கே ஆண்டு முழுவதும் காலை 7 மணி வாக்கில் விடிகிறது. இலங்கையில் இன்னும் வேடிக்கை. 1996-ல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டில் அதில் பாதியைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம்மோடு ஒரே நேரத்துக்கு வந்தார்கள். கொழும்புக்காரரோடு கணக்கு வைத்திருந்தவர்கள் அந்தப் பத்து ஆண்டும் எத்தனை தடவை போனை வைத்துவிட்டு மறுபடி பேசியிருப்பார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நம் நேரமும் நம்முடையது அல்ல. இந்தியா முழுவதற்கும் உள்ள நேரம் வடக்கே மிர்சாபூர் பக்கம் போகிற 82½ பாகை தீர்க்க ரேகைப்படி வைத்தது. திண்டுக்கல் இருப்பது 78 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பார்த்தால், நம் மலைக்கோட்டைக்கு நேர் மேலே சூரியன் வருவது கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்துப் பதினெட்டு நிமிடம் வாக்கில். மாதத்துக்கு மாதம் இதில் சில நிமிடம் கூடும், குறையும்.

மேல் காற்றும் கீழ்க் காற்றும்

நாலே கால் மணி என்றோமே தவிர, அது எல்லா நாளும் ஒன்றுபோல இருக்காது. காரணம் காற்று. நம் சமவெளிக்கு ஆடி மாதக் காற்றைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து மேற்கேயிருந்து அடித்து, கடைப் படுதாவைக் கிழித்துக்கொண்டு போகும். அதே ஆடியில், நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில், காற்று நேர் எதிராகக் கிழக்கேயிருந்து மேற்கே பாய்கிறது. 1950-களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். அந்தக் காற்றாறு முழு வேகத்தில் ஓடுவது விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே. அதன் அடிப்பகுதிதான் விமானத்தின் மேல் படும். அதுவே சிங்கப்பூர் போகிற விமானத்தைச் சில நிமிடம் தாமதப்படுத்தப் போதும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். வடக்கே போகப் போக மேல் காற்று பெரும்பாலும் மேற்கேயிருந்துதான். லண்டன் போக ஆகும் நேரத்தை விடத் திரும்பி வர ஆகும் நேரம் குறைவதற்கு அதுதான் காரணம்.

நாலே கால் மணியும் இருபத்தெட்டரை மணியும்

இவ்வளவு சொன்னோம், ஆனால் வியாபாரிக்கு வேண்டியது இந்த நாலே கால் மணி நேரம் அல்ல. செடியிலிருந்து மொட்டைப் பறித்த நேரத்திலிருந்து சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடையில் அது தட்டில் விழுகிற நேரம் வரைக்கும் எவ்வளவு என்பதுதான் கேள்வி. நாம் பூ வியாபாரத்தில் பார்த்ததைச் சொல்கிறோம்.

மல்லிகை மொட்டைப் பறிக்க ஆள் இறங்குவது விடிகாலை 4 மணிக்கு. நிலக்கோட்டை மார்க்கெட்டில் கை மாற 7, 8 மணி ஆகிவிடும். தரம் பிரித்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டி முடிக்க நடுப்பகல். வண்டி கிளம்பி, திண்டுக்கல் தாண்டி, வையம்பட்டி, மணப்பாறை வழியாகத் திருச்சி விமான நிலையம் சேர மாலை 4 மணி. அங்கே எடை போடுவது, பூச்சி நோய் இல்லை என்ற தாவரச் சான்று, கஸ்டம்ஸ், எக்ஸ்ரே சோதனை. விமானம் நள்ளிரவு வாக்கில். மறுநாள் காலை இறங்கி, அந்த ஊர்ச் சோதனை முடிந்து, வேனில் ஏறிக் கடைக்குப் போகும்போது அங்கே 11 மணி. நம் நேரம் காலை எட்டரை. பறித்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபத்தெட்டரை மணி நேரம். இதில் வானத்தில் இருந்தது நாலே கால் மணி. ஏழில் ஒரு பங்குதான். மூவாயிரம் கிலோமீட்டரை அந்த ஒரு பங்கில் கடந்துவிடுகிறோம். மீதி ஆறு பங்கையும் திருச்சிக்கு இந்தப் பக்கத்திலும் இரண்டு ஊர் கார்கோ கட்டடங்களிலும் செலவழிக்கிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கு தொட்டுச் சிங்கப்பூர் போக ஒரு வாரம் போல ஆகும். 1926-ல் ஓட ஆரம்பித்து 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. அந்தக் காலத்துக்குத் திண்டுக்கல் தோலும் சுருட்டும் தாங்கும், மல்லிகை தாங்காது. இப்போது மல்லிகையும் போகிறது என்றால் விமானத்தால்தான். ஆனாலும் மொட்டு விரிவதற்குள் போக வேண்டும் என்றால் மிச்சப்படுத்த வேண்டிய நேரம் வானத்தில் இல்லை, தரையில்தான் இருக்கிறது. தோட்டத்துப் பக்கத்திலேயே பெட்டி கட்டுவது, சான்றுக்கு முதல் நாளே எழுதிக் கொடுத்து வைப்பது, இவற்றில் மூன்று மணி நேரத்தை நாம் மிச்சம் பிடித்திருக்கிறோம். எந்த விமானக் கம்பெனியாலும் நமக்கு அதைத் தர முடியாது.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. விமானத்தில் எடைக்கு மட்டும் காசு இல்லை, இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது ஒரு எடை. தராசில் நிற்பது ஒரு எடை. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். 60-க்கு 40-க்கு 40 பெட்டி என்றால் 16 கிலோ ஆகிறது. உள்ளே பூவும் ஐஸும் பத்து கிலோதான் இருந்தாலும் பதினாறுக்குக் கட்ட வேண்டும். இளைஞர் கார்கோ கட்டணத்தைத் தூரத்தோடு மட்டும் ஒப்பிட்டதால் இதையும் அவருக்குச் சொன்னோம்.

பயணிகளின் பெட்டி ஏறிய பிறகு மிச்சமிருக்கும் இடத்துக்கும் எடைக்கும்தான் நம் சரக்கு. மதுரை ஓடுதளம் சுமார் 7,500 அடி, திருச்சி சுமார் 8,100 அடி. சென்னையின் பெரிய ஓடுதளம் 12,000 அடி. வெயில் நேரத்தில் காற்று லேசாகிவிடுவதால் விமானம் மேலே எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். ஓடுதளம் குட்டையாக இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது முதலில் இறங்குவது சரக்குதான். தூரம் கூடக் கூட எரிபொருளின் எடை கூடி, சரக்குக்கான எடை குறையும். குளிர்ந்த ராத்திரி விமானம் பூவுக்கு மட்டுமல்ல, இந்தக் கணக்குக்கும் நல்லது.

நாம் நஷ்டப்பட்ட கதை

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதம். சிங்கப்பூரில் ஒரு வெள்ளிக்கிழமைக் கல்யாணம். எட்டுப் பெட்டி மல்லிகைக்கு ஆர்டர். புக்கிங் செய்து கொடுத்த ஏஜண்டின் குமாஸ்தா போனில் சொன்னது: "வியாழக்கிழமை, 12.40." சீட்டிலும் அப்படியே எழுதியிருந்தது. ராத்திரி விமானம் என்று நமக்குத் தெரியும். வியாழக்கிழமை ராத்திரி 12.40 என்று நாம் எடுத்துக்கொண்டோம். விடிந்தால் கல்யாணம், பூவும் விடிந்ததும் போய்ச் சேரும் என்று மனசுக்குள் கணக்கு வேறு பொருந்தி வந்தது.

வியாழன் விடிகாலை பூ எடுத்தோம். முகூர்த்த நாள், கிலோ இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். கட்டி அனுப்பி, மாலை 4 மணிக்கு வண்டி திருச்சி போய்ச் சேர்ந்தது. டிரைவர் போன் செய்தான். "முதலாளி, விமானம் நேத்தே போயிருச்சாம்." அது எப்படிப் போகும் என்று சத்தம் போட்டோம். பிறகுதான் விளங்கியது. விமானக் கம்பெனிக்கு நாள் மாறுவது நள்ளிரவு 12 மணிக்கு. வியாழன் 12.40 என்றால் புதன்கிழமை ராத்திரி படுத்து எழுவதற்கு முன் வருகிற 12.40. நம் வண்டி போய்ச் சேர்வதற்குப் பதினைந்து மணி நேரம் முன்பே அது கிளம்பிப் போய்விட்டது. நமக்கோ பொழுது விடிந்தால்தான் நாள் மாறும். பஞ்சாங்கத்திலும் அப்படித்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த நேரத்தை "புதன் ராத்திரி, விடிந்தால் வியாழன்" என்று தெளிவாகச் சொல்வார்கள். குமாஸ்தா ஒரு வார்த்தை அப்படிச் சொல்லியிருக்கலாம். நாமும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். பாதிப் பிழை நம்முடையது.

அன்றிரவு விமானத்தில் இடம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் பெட்டியைத் திறந்தபோது மொட்டு பாதி விரிந்திருந்தது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம். பணம் போனது கூடப் பெரிதில்லை. சிங்கப்பூர்க்காரர் அன்றைக்கு அங்கே கிடைத்த பூவைச் சொன்ன விலைக்கு வாங்கிக் கல்யாணத்தை ஒப்பேற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நம்மிடம் அவர் பேசவில்லை.

இளைஞரின் முருங்கைக்காய் இப்போது துபாய்க்குத்தான் போகிறது. அவர் முதலில் நினைத்த காரணத்துக்காக அல்ல. அங்கே அவருக்கு வாங்குகிறவர் ஒருவர் நாணயமாக அமைந்துவிட்டார். அவருக்கு இன்னொன்றையும் சொல்லி அனுப்பினோம். ஐக்கிய அரபு நாட்டில் முன்பு வெள்ளியும் சனியும் விடுமுறை. 2022 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் வேலை என்று மாற்றிவிட்டார்கள். பக்கத்து நாடுகளான சவூதியிலும் கத்தாரிலும் வெள்ளி, சனி. ஒரே கடற்கரையில் இரண்டு விதம். எந்த நாட்டுக்கு எந்தக் கிழமை சரக்கு போய் இறங்குகிறது என்று பார்க்காமல் அனுப்பினால், நாலே கால் மணியில் போன முருங்கைக்காய் இரண்டு நாள் கிடங்கில் கிடக்கும்.

விமான நேரங்களும் ஓடுகிற கிழமைகளும் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. மேலே சொன்ன 11 மணியும் 11.30-ம் கணக்குக்காக மட்டுமே. அன்றன்றைய நேரத்தை ஏஜண்டிடம் கேட்டுக்கொள்ளவும். நமது கடையில் இப்போது பெட்டிச் சீட்டில் தேதியை இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். முதல் வரியில் விமானக் கம்பெனி போடுகிறபடி தேதியும் 24 மணிக் கடிகார நேரமும். அதற்குக் கீழே சிவப்பு மையில், "புதன் ராத்திரி, விடிந்தால் வியாழன்; பூ எடுப்பது புதன் விடிகாலை."